டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையில் குழுவாக பைக் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டொராண்டோவில் வாழும் நாங்கள் ஐந்து பேர், கனடாவின் தூர வடக்குக்குப் போகும் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையில் இரண்டு முறை மோட்டார் சைக்கிளில் போய்வந்திருக்கிறோம். முதல் முறை ஜூன் மாதக் கடைசி. அப்போது ஐவரில் மூவர் மட்டுமே ஆர்க்டிக் கடலைப் பார்த்தோம். இரண்டாம் முறை ஆகஸ்ட் மாதக் கடைசி. அந்த முறை ஐவரும் பார்த்தோம். அதன் பிறகு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் முதல் ஊரிலிருந்து தொலைபேசியில் அழைக்கும் மருமகன் வரை பலரும் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்கிறார்கள். என் பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

இந்தச் சாலை எங்கே இருக்கிறது? எவ்வளவு தூரம்?

யூகான் பிரதேசத்தில், டாசன் சிட்டி என்ற பழைய தங்கவேட்டை ஊருக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில் ஒரு சந்திப்பு வரும். அதுதான் பூஜ்ஜியம் கிலோமீட்டர். அங்கிருந்து வடக்கே இனுவிக் நகரம் வரை ஏறத்தாழ 740 கிலோமீட்டர். 1979 ஆகஸ்டில் திறக்கப்பட்ட இந்தச் சாலை முதலில் இனுவிக்கோடு முடிந்தது. 2017 நவம்பரில் இனுவிக்கிலிருந்து டுக்டோயாக்டுக் என்ற கடலோரக் கிராமம் வரை 138 கிலோமீட்டர் புதிய சாலை திறந்தார்கள். டுக்டோயாக்டுக்கை எல்லோரும் டுக் என்றுதான் சொல்கிறார்கள். தொடக்கத்தில் கொஞ்சமும் இனுவிக் பக்கத்தில் கொஞ்சமும் தவிர முழுதும் சரளை. போன வழியே திரும்ப வேண்டும், வேறு சாலை கிடையாது. அதனால் சரளையில் மட்டும் 1,700 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவீர்கள்.

அலாஸ்காவின் டால்டன் நெடுஞ்சாலை போகலாமே? ஏன் இது?

டால்டன் 666 கிலோமீட்டர், எண்ணெய்க் குழாயை ஒட்டிப் போகும் சாலை. நல்ல பயணம்தான். ஆனால் அதன் முடிவில் இருக்கும் டெட்ஹார்ஸ் ஒரு எண்ணெய் வயல் முகாம். அங்கிருந்து கடல்வரை நம் பைக்கை ஓட்ட அனுமதியில்லை. அவர்களுடைய வண்டியில் ஏறித்தான் போய்ப் பார்க்க முடியும். டெம்ப்ஸ்டரில் உங்கள் முன்சக்கரத்தைக் கடலோரத்திலேயே நிறுத்தலாம். அதைவிட எனக்குப் பெரிய காரணம் இன்னொன்று. டெம்ப்ஸ்டர் வழியில் மனிதர்கள் வாழும் ஊர்கள் இருக்கின்றன. க்விச்சின் மக்களின் ஃபோர்ட் மெக்பெர்சனும் சிகெட்சிக்கும், இனுவியலுயிட் மக்களின் டுக்கும் தலைமுறை தலைமுறையாக அவர்கள் வாழும் மண். அங்கே நாம் விருந்தாளிகள்.

டாசன் கிரீக், டாசன் சிட்டி இரண்டும் ஒன்றா?

இல்லை. ஹோட்டல் பதிவு செய்யும்போது கவனமாக இருங்கள். டாசன் கிரீக் பிரிட்டிஷ் கொலம்பியாவில், அலாஸ்கா நெடுஞ்சாலை தொடங்கும் இடத்தில் இருக்கிறது. டாசன் சிட்டி யூகானில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே சாலைவழியே 1,900 கிலோமீட்டருக்கு மேல்.

எந்த மாதம் நல்லது?

ஜூன் நடுப்பகுதியிலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரை. வசந்தத்தில் ஆறுகளில் பனிக்கட்டி உடைந்து ஓடும், குளிர்காலத் தொடக்கத்தில் ஆறுகள் உறைந்துகொண்டிருக்கும். அந்த வாரங்களில் வண்டிகளை அக்கரை சேர்க்கும் ஃபெர்ரி படகும் ஓடாது, உறைந்த ஆற்றின் மேல் அமையும் பனிப்பாலமும் இருக்காது, சாலை நடுவில் துண்டாகிக் கிடக்கும்.

ஜூனில் போனால் சூரியன் மறையாது. இனுவிக்கில் மே மாதக் கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை ஐம்பது நாளுக்கு மேல் அது அடிவானத்துக்குக் கீழே இறங்குவதே இல்லை. நள்ளிரவு 12 மணிக்குக் கூடாரத்துக்கு வெளியே என் நிழல் நீண்டு கிடந்ததை நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆனால் அந்த மாதத்தில் கொசு தாங்க முடியாது. ஆகஸ்ட் கடைசியில் கொசு குறைந்துவிடும், டூம்ஸ்டோன் மலைச்சரிவெல்லாம் குங்குமம் கொட்டியதுபோல் சிவந்துவிடும், இரவும் திரும்பி வந்துவிடும். எனக்கு ஆகஸ்ட்தான் பிடித்தது. எந்த மாதமானாலும் பனி பெய்யலாம் என்று எண்ணியே துணி எடுத்துவையுங்கள்.

எந்த பைக் வேண்டும்?

நன்றாகப் பராமரித்த, நீங்கள் பழகிய பைக். எங்களிடம் ஒரு கவாசாகி கேஎல்ஆர் 650, இரண்டு சுசுகி வி-ஸ்ட்ராம், ஒரு பிஎம்டபிள்யூ ஜிஎஸ், ஒரு ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் இருந்தன. ஹிமாலயன் மெதுவாக வந்தது, ஆனால் ஒரு குறையும் இல்லாமல் வந்தது. கனமான பைக் சேற்றில் சாய்ந்தால் தூக்க மூன்று பேர் வேண்டும். கால் தரையில் முழுதாக ஊன்றுகிற உயரமா என்று பாருங்கள். குதிரைசக்தி எவ்வளவு என்பது இந்தச் சாலைக்கு ஒரு பொருட்டே இல்லை.

டயர் விஷயத்தில் ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறார்கள்?

இந்தச் சாலையில் பல பகுதிகளில் கொட்டியிருப்பது ஷேல் எனப்படும் அடுக்குப்பாறையின் சில்லுகள். உடைந்த ஓட்டாஞ்சில்லு மாதிரி விளிம்பு கூராக இருக்கும். தேய்ந்த டயரை அது கிழித்துவிடும். புதிய டயரோடு தொடங்குங்கள், சரளைக்கும் தாருக்கும் பொதுவான ஆழமான பட்டை உள்ளதாகப் பார்த்து. டியூப்லெஸ் என்றால் பஞ்சர் கிட், டியூப் என்றால் இரண்டு சக்கரத்துக்கும் மாற்று டியூபும் டயர் கழற்றும் நெம்புகோலும், எதுவானாலும் பேட்டரியில் ஓடும் காற்றடிக்கும் பம்ப். இவையெல்லாம் கையில் இருந்தால் மட்டும் போதாது. புறப்படுவதற்கு முன் உங்கள் வீட்டு வாசலில் ஒருமுறை பின்சக்கரத்தை நீங்களே கழற்றி மாட்டிப் பாருங்கள்.

பெட்ரோல் எங்கெங்கே கிடைக்கும்?

சந்திப்பிலிருந்து 369வது கிலோமீட்டரில் ஈகிள் பிளெய்ன்ஸ். அதுவரை ஒன்றும் இல்லை. டாசன் சிட்டியில் நிரப்பிப் புறப்பட்டால் முதல் நிறுத்தத்துக்குள் 409 கிலோமீட்டர் ஓடியிருப்பீர்கள். பிறகு ஃபோர்ட் மெக்பெர்சன், 550 கிலோமீட்டர் வாக்கில். அடுத்து இனுவிக். கடைசியாக டுக். ஆக, 400 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற அளவு பெட்ரோல் உங்களிடம் இருக்க வேண்டும். எதிர்காற்றிலும் தளர்ந்த சரளையிலும் மைலேஜ் குறையும் என்பதால் ஆளுக்கு 5 லிட்டர் கேன் ஒன்று கட்டிக்கொண்டோம். இரண்டு பயணத்திலும் அது பயன்பட்டது.

சரளையில் எப்படி ஓட்ட வேண்டும்?

முதலில் இந்தச் சாலை எப்படிக் கட்டப்பட்டது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் தெளியும். அங்கே மண்ணுக்கு அடியில் ஆண்டு முழுதும் உருகாத உறைமண் இருக்கிறது. நேராக அதன்மேல் சாலை போட்டால் வெயிலின் சூட்டில் அது உருகி, சாலை சேற்றில் இறங்கிவிடும். அதனால் குளிருக்குப் போர்வை போர்த்துவதுபோல், சரளையை உயரமான மேடாகக் கொட்டி அதன் முதுகில் சாலையை அமைத்தார்கள். சில இடங்களில் அந்த மேடு 2 மீட்டரைத் தாண்டும். நீங்கள் ஓட்டுவது ஏரிக்கரை மாதிரி உயர்ந்த ஒரு கரையின் மேல். ஓரத்தில் தடுப்பு கிடையாது, விளிம்பு மண் இளகியிருக்கும். லாரி வருகிறதே என்று ஓரத்துக்கு ஓடிவிடாதீர்கள். வேகத்தைக் குறைத்து, உறுதியான தடத்திலேயே இருந்து வழிவிடுங்கள்.

வளைவுகளிலும் மேடேறும் இடங்களிலும் வாகனங்கள் ஓடி ஓடி இரண்டு மூன்று தடங்கள் இறுகியிருக்கும். அவற்றுக்கு நடுவே உதிரிச் சரளை குவிந்திருக்கும். ஒரு தடத்தைத் தேர்ந்தால் அதிலேயே போங்கள். முன்சக்கரம் கொஞ்சம் அலையும். அலையட்டும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்து அடக்க நினைத்தால்தான் விழுவீர்கள். கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் பிடியுங்கள். பார்வை தொலைவில் இருக்கட்டும். உதிரி வந்தால் ஃபுட்ரெஸ்டில் எழுந்து நில்லுங்கள், எடை கீழே இறங்கி பைக் நிதானப்படும். முன் பிரேக்கைத் தொடாமல், ஆக்சிலரேட்டரை மட்டும் மெல்லக் குறையுங்கள்.

மிக ஆபத்தானது கிரேடர் இயந்திரம் வேலை செய்த இடம். சாலையைச் சமப்படுத்திக்கொண்டே போகும் அந்த வண்டி, நடுவிலோ ஓரத்திலோ சரளையை ஒரு வரப்பு மாதிரி நீளமாக விட்டுச் செல்லும். முழங்கால் உயரம்கூட இருக்கும். அதைச் சாய்வாகக் கடக்க முயன்றால் முன்சக்கரம் புதைந்து பைக் படுத்துவிடும். எந்தப் பக்கம் இருக்கிறீர்களோ அந்தப் பக்கமே தொடர்ந்து, வரப்பு முடிந்த பிறகு மாறுங்கள். கடந்தே ஆக வேண்டும் என்றால் நின்று, செங்கோணத்தில், முதல் கியரில்.

மழை பெய்தால்?

புழுதி பறக்காமல் இருக்கவும் மேற்பரப்பு இறுகவும் சாலையில் கால்சியம் குளோரைடு என்ற உப்பைத் தெளிக்கிறார்கள். காய்ந்திருக்கும்போது தார்ச்சாலைபோல் கெட்டியாக இருக்கும். அதுவே நனைந்தால் மேலே ஒரு விரல் கனத்துக்கு வழுவழுப்பான சேறு உருவாகும்.

முதல் பயணத்தின் இரண்டாம் நாள், இன்ஜினியர் கிரீக் முகாமைத் தாண்டி மழை பிடித்தது. கால்மணி நேரத்தில் சாலையின் நிறமே மாறிவிட்டது. எங்களில் இளையவன் ஹெல்மெட் ரேடியோவில், “அண்ணா, முன்சக்கரம் என் பேச்சைக் கேட்கவில்லை” என்றான். குரலில் சிரிப்பு இல்லை. “தம்பி, பிரேக்கைத் தொடாதே, கிளட்சைப் பிடித்து உருளவிடு” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவன் பைக் மெதுவாக, மிக மெதுவாக இடப்பக்கம் படுத்தது. வேகம் மணிக்கு 30 கூட இருக்காது. பக்கப்பெட்டி வளைந்தது. எழுந்து நின்று தான் நலம் என்றான். கையுறையைக் கழற்றச் சொன்னேன். வலது மணிக்கட்டு ஏற்கெனவே மஞ்சள் கிழங்குபோல் உருண்டு வீங்கியிருந்தது.

அதிலிருந்து ஈகிள் பிளெய்ன்ஸ் வரை ஏறத்தாழ 120 கிலோமீட்டர். ஐந்து மணி நேரம் ஆனது.

இன்று எனக்கு அதே மழை வந்தால் நான் ஓட்ட மாட்டேன். அகலமான ஒதுக்கிடம் பார்த்து, கூடாரம் அடித்து, தேநீர் போட்டுக் காத்திருப்பேன். நல்ல காற்றும் வெயிலும் வந்தால் சில மணி நேரத்தில் மேற்பரப்பு இறுகிவிடும். பயணத் திட்டத்தில் இரண்டு நாள் சும்மா வைத்திருந்தால்தான் இப்படிக் காத்திருக்க மனம் வரும். எங்களுக்கு அன்று அந்த நாட்கள் இல்லை. அதனால்தான் அந்தச் சேற்றில் ஓட்டினோம்.

எத்தனை பேர் போகலாம்? வரிசை எப்படி?

நான்கு முதல் ஆறு. ஒருவருக்கு ஏதாவது ஆனால் ஒருவர் உடன் இருக்கவும், இருவர் உதவி தேடிப் போகவும் நான்கு பேர் வேண்டும். ஆறுக்கு மேல் போனால் ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு மணி நேரமாகும்.

நகரத்தில் ஓட்டுவதுபோல் நெருக்கமாக, இடம் வலமாக மாறி மாறி வரிசைகட்டி ஓட்டும் பழக்கம் இங்கே ஆகாது. முன்னால் போகிறவரின் புழுதியில் பின்னால் வருகிறவருக்குக் கண்ணே தெரியாது, கல்லும் தெறிக்கும். அரைக் கிலோமீட்டர் இடைவெளி விடுங்கள். அப்படியானால் குழு எப்படிக் குழுவாக இருக்கும்? எங்கள் விதி ஒன்றுதான்: உனக்குப் பின்னால் வருகிறவருக்கு நீ பொறுப்பு. கண்ணாடியில் அவர் விளக்கு தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் நின்றுவிட வேண்டும். பத்து நிமிடத்தில் வரவில்லை என்றால் திரும்பிப் போக வேண்டும். நீ நின்றதைப் பார்க்காமல் உனக்கு முன்னால் போகிறவரும் போக மாட்டார், ஏனென்றால் அவரும் தன் கண்ணாடியில் உன்னைத் தேடுவார். இப்படியே தலைவர் வரை செய்தி போய்விடும், ரேடியோ வேலை செய்யாவிட்டாலும்.

மிக மெதுவாக ஓட்டுபவரை இரண்டாம் இடத்தில் விடுங்கள், கடைசியில் விடாதீர்கள். கடைசியில் விட்டால் அவர் எட்டிப்பிடிக்கத் தன் திறமைக்கு மீறி ஓட்டுவார். கடைசி இடம் அனுபவசாலிக்கு. கருவிப் பெட்டியும் முதலுதவிப் பெட்டியும் அவரிடம் இருக்கட்டும், முன்னால் போகிறவரிடம் இருந்தால் யாருக்கும் பயனில்லை.

ஒருவர் நடுவில் திரும்ப விரும்பினால் மற்றவர்கள் என்ன செய்ய வேண்டும்?

இதைப் புறப்படும் முன்பே பேசி முடிவு செய்துவிடுங்கள். என் பார்வையில், பைக், டயர் எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம்.

இந்தச் சாலைக்குப் பெயர் வந்த கதையைச் சொல்கிறேன். 1910 டிசம்பர் 21 அன்று, ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற போலீஸ் அதிகாரி மூன்று பேரோடு நாய்வண்டிகளில் ஃபோர்ட் மெக்பெர்சனிலிருந்து டாசனுக்குத் தபால் கொண்டு புறப்பட்டார். வேகமாகப் போய்ச் சேர வேண்டும் என்று உணவுச் சுமையைக் குறைத்துக்கொண்டார். உடன் வந்த கார்ட்டர் என்பவருக்கு வழி தெரியும் என்று நம்பி, வழியில் கொஞ்ச தூரம் உதவிய க்விச்சின் வழிகாட்டியையும் திருப்பி அனுப்பிவிட்டார். கார்ட்டர் அந்த வழியே ஒரே ஒருமுறை, அதுவும் எதிர்த்திசையில் வந்தவர். திரும்ப வேண்டிய ஓடையை நாள்கணக்கில் தேடினார்கள், கிடைக்கவில்லை. திரும்பலாம் என்று முடிவெடுத்தபோது உணவு தீர்ந்துகொண்டிருந்தது. நாய்களைத் தின்றார்கள். நால்வரும் இறந்தார்கள், கடைசி இருவர் ஃபோர்ட் மெக்பெர்சனுக்குச் சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில். 1911 பிப்ரவரிக் கடைசியில் டாசனிலிருந்து அவர்களைத் தேடிப் புறப்பட்டு, மார்ச் மாதத்தில் உடல்களைக் கண்டெடுத்த குழுவின் தலைவர்தான் டெம்ப்ஸ்டர். அவருடன் ஒரு க்விச்சின் வழிகாட்டி இருந்தார். ஃபோர்ட் மெக்பெர்சன் தேவாலயத்து மயானத்தில் நால்வரின் கல்லறை இருக்கிறது. நான் இரண்டு முறையும் அங்கே போய் நின்றேன்.

எங்கள் முதல் பயணத்தில், மழையில் விழுந்த மறுநாள் காலை ஈகிள் பிளெய்ன்ஸில் தம்பியால் பிரேக் லீவரை அழுத்த முடியவில்லை. அவன் எங்கள் பயணம் தன்னால் கெடுகிறதே என்று வருந்தி, மெதுவாக ஓட்டிப் பார்க்கிறேன் என்றான். எங்களில் மூத்தவர் ஹிமாலயன்காரர். ஐம்பத்தெட்டு வயது. இந்தக் கடலுக்காக மூன்று ஆண்டுகள் விடுமுறை சேர்த்தவர். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “நீ ஓட்ட வேண்டாம் தம்பி, நான் உன்னோடு திரும்புகிறேன்” என்றார். வேறு பேச்சே இல்லை. தெற்கே காலியாகத் திரும்பிய ஒரு பிக்கப் லாரியில் கூலி பேசித் தம்பியையும் அவன் பைக்கையும் ஏற்றினோம். மூத்தவர் அதன் பின்னாலேயே டாசன் மருத்துவமனை வரை ஓட்டினார். எலும்பில் சிறு விரிசல்.

ஆகவே: போதும் என்று ஒருவர் சொன்னால் காரணம் கேட்கக் கூடாது. திரும்புகிறவர் தனியாகத் திரும்பக் கூடாது. உடன் திரும்புகிறவர் யார் என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்துவைத்தால், அந்தக் காலையில் யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்காது.

ஃபெர்ரியில் பைக் ஏற்றுவது கடினமா?

இரண்டு ஆறுகளைக் கடக்க வேண்டும். ஃபோர்ட் மெக்பெர்சனுக்குச் சற்று முன்னால் பீல் ஆறு, பிறகு மெக்கன்சி ஆறு. இரண்டும் இலவசம். இரவு முழுதும் ஓடாது, ஆகவே கிளம்பும் முன் அன்றைய நிலவரம் பார்த்துவிடுங்கள். ஃபோர்ட் மெக்பெர்சனும் இனுவிக்கும் டுக்கும் இருப்பது வடமேற்குப் பிரதேசத்தில்; கோடையில் அதன் நேரம் யூகானைவிட ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும். கரையில் நிரந்தர மேடை கிடையாது. நீர்மட்டம் ஏற இறங்கச் சரளையைக் கொட்டி இறங்குதளத்தை அவ்வப்போது திருத்துகிறார்கள். அந்தச் சரிவு இளகியிருக்கும், படகின் இரும்புத் தளம் ஈரத்தில் வழுக்கும். ஒவ்வொருவராக, முதல் கியரில், கால்களைத் தொங்கவிட்டு ஏறுங்கள். மெக்கன்சி ஃபெர்ரி இரண்டு கரைகளோடு சிகெட்சிக் கிராமத்துக்கும் போகும், எங்கே இறங்குகிறீர்கள் என்று ஊழியரிடம் சொல்ல வேண்டும்.

கைப்பேசி வேலை செய்யுமா?

ஊர்களில் செய்யும். டாசன் பக்கத்திலிருந்து ஃபோர்ட் மெக்பெர்சன் நெருங்கும்வரை அதை மறந்துவிடுங்கள். செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் சிறு கருவி குழுவுக்குக் குறைந்தது இரண்டு வேண்டும், ஒன்று முதல் ஆளிடம், ஒன்று கடைசி ஆளிடம். தினமும் இரவு வீட்டுக்கு ஒரு வரி அனுப்பிவிடுங்கள். என் மனைவி அந்த வரியைப் பார்த்துவிட்டுத்தான் தூங்கினாள்.

கரடி, கொசு?

இரண்டும் உண்டு. சாலையோரத்தில் கரடியைப் பார்த்தால் நிறுத்திப் படமெடுக்காதீர்கள், நகர்ந்துவிடுங்கள். கரடி ஸ்பிரேயை இடுப்பில் வைத்திருங்கள், பெட்டிக்குள் வைத்துப் பயனில்லை. விமானத்தில் அதைக் கொண்டுவர முடியாது, யூகானின் தலைநகரான ஒயிட்ஹார்ஸில் வாங்கலாம். சமைப்பதும் சாப்பிடுவதும் கூடாரத்திலிருந்து நன்றாகத் தள்ளி. பற்பசை உட்பட மணமுள்ள எதையும் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள்.

கொசுவுக்கு, தலையை மூடும் வலை. ராக் ரிவர் முகாமில் காற்று படாது, ஜூனில் அங்கே வலையைத் தூக்கி ஒரு வாய் சாப்பிடுவதே பெரும்பாடு.

சாப்பாடு? சைவம் கிடைக்குமா?

ஈகிள் பிளெய்ன்ஸில் உணவகம் உண்டு, இனுவிக்கில் பெரிய கடை உண்டு, காய்கறி விலை தெற்கைவிட மிக அதிகம். சைவக்காரர்கள் கொண்டுபோவதே நல்லது. வெந்நீர் ஊற்றினால் தயாராகும் உப்புமா, அவல், புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி. புளிக்காய்ச்சலை இரட்டை உறையில் காற்றுப் புகாமல் கட்டுங்கள். அந்த மணம் நம்மை மட்டும் அழைப்பதில்லை.

எங்கே தங்குவது?

டூம்ஸ்டோன், இன்ஜினியர் கிரீக், ராக் ரிவர், பீல் ஆற்றுக்கு அப்பால் நிதைன்லாயி ஆகிய இடங்களில் அரசு முகாம்கள் இருக்கின்றன. ஈகிள் பிளெய்ன்ஸிலும் இனுவிக்கிலும் ஹோட்டல்கள். ஹோட்டல் அறைகளை மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யுங்கள்.

வாடகை பைக், உரிமம், காப்பீடு?

கனடாவுக்கு வெளியிலிருந்து வருபவர்கள் மோட்டார் சைக்கிள் பிரிவு முத்திரையிட்ட சர்வதேச ஓட்டுநர் உரிமம் எடுத்து வாருங்கள். வாடகைக்கு எடுப்பதானால் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள், சரளைச் சாலையில் ஓட்டக் கூடாது என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும். வழியில் பைக் நின்றுவிட்டால் இழுத்துவரும் லாரிக்குப் பல ஆயிரம் டாலர் ஆகலாம், அதை உங்கள் காப்பீடு ஏற்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எத்தனை நாள்?

ஒயிட்ஹார்ஸிலிருந்து புறப்பட்டு டாசனுக்குத் திரும்பும்வரை கணக்கிட்டால் பத்து நாள். டாசன் வரை 530 கிலோமீட்டர் தார்ச்சாலை, ஒரு நாள். மேலே ஏற நான்கு, இறங்க மூன்று, சும்மா இருக்க இரண்டு. ஒரு வாரத்தில் முடிப்பவர்களும் இருக்கிறார்கள். அவசியமென்ன?

வழியில் எங்கே நேரம் செலவிடலாம்?

டூம்ஸ்டோனில் ஒரு முழு நாள் இருங்கள். 405வது கிலோமீட்டரில் ஆர்க்டிக் வட்டப் பலகை வரும், எல்லோரும் படமெடுப்பார்கள், நீங்களும் எடுங்கள். அதைத் தாண்டி ரிச்சர்ட்சன் மலையடிவாரத்தில் காற்று பைக்கையே பக்கவாட்டில் தள்ளும். காற்று ஓங்கி அடித்தால் ஈகிள் பிளெய்ன்ஸிலேயே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். இலையுதிர் காலத்தில் போர்க்குப்பைன் கூட்டத்துக் கலைமான்கள் சாலையைக் கடக்கும். அவை முழுதும் கடக்கும்வரை இன்ஜினை அணைத்துக் காத்திருப்பது அவ்வூர் மரியாதை.

ஃபோர்ட் மெக்பெர்சனில் பெட்ரோல் போட்டுவிட்டு ஓடிவிடாதீர்கள். கடை வாசலில் அமர்ந்திருந்த ஒரு பாட்டி, எங்கள் பைக்குகளைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, ஆற்றில் மீன் காயவைக்கும் முகாமைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். கையில் கருவாடு மாதிரி புகையில் உலர்த்திய வெள்ளைமீன் ஒன்றைக் கொடுத்தார். கிடைத்த துண்டை வாயிலிட்டதும் எனக்கு என் பாட்டியின் பரண்தான் நினைவுக்கு வந்தது. நன்றி சொல்ல க்விச்சின் மொழியில் “மாசி சோ” என்பார்கள்.

டுக்கில் என்ன இருக்கிறது?

இனுவிக்கை விட்டதும் கொஞ்சம் கொஞ்சமாக மரங்கள் குட்டையாகி, பிறகு இல்லாமலே போகும். எங்கு பார்த்தாலும் ஏரிகள். டுக்கை நெருங்கும்போது தட்டையான நிலத்தில் திடீரென்று கூம்புக் குன்றுகள் எழும். அவை பிங்கோ. உள்ளே பனிக்கட்டி வளர்ந்து வளர்ந்து நிலத்தை மேலே தள்ளியதால் உருவானவை. இப்யுக் என்ற பிங்கோ 49 மீட்டர் உயரம். மேலே ஏறாதீர்கள், மேல்மண் பெயர்ந்தால் உள்ளிருக்கும் பனி உருகிவிடும்.

கிராமத்தில் ஏறத்தாழ 900 பேர். கடற்கரை அரிக்கப்பட்டு வருகிறது. முன்பு மண்ணைப் பிணைத்திருந்த பனி உருகுவதால் கரை உடைந்து விழுகிறது, சில வீடுகளைப் பெயர்த்து உள்ளே தள்ளி வைத்திருக்கிறார்கள். மயானமும் கடலோரத்தில்தான். அங்கே பைக் சத்தம் வேண்டாம். வீட்டு வாசல்களில் நுழைந்து படமெடுக்க வேண்டாம்.

இரண்டாம் பயணத்தில் மூத்தவரை முன்னால் போகவிட்டோம். சாலை முடியும் இடத்தில் அவர் பைக்கை நிறுத்தி, பூட்ஸைக் கழற்றி, காலுறையை மடித்து அதற்குள் வைத்து, தண்ணீரில் முழங்கால்வரை இறங்கினார். தம்பி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெகுநேரம் இருவரும் ஏறவில்லை. கரைக்கு வந்தபோது மூத்தவரின் பாதங்கள் செந்நிறமாகியிருந்தன, தம்பிதான் துண்டால் துடைத்துவிட்டான்.

திரும்பி வந்ததும் பைக்குக்கு என்ன செய்ய வேண்டும்?

டாசன் சிட்டியில் அன்றே கழுவுங்கள். கால்சியம் குளோரைடு கலந்த சேறு ரேடியேட்டர் மடிப்புகளில் சிமென்ட்போல் இறுகி இன்ஜினைச் சூடாக்கும், இரும்பையும் அரிக்கும். முதலில் மெல்லிய நீரால் ஊறவைத்து, அரைமணி கழித்து மறுபடி அடியுங்கள். அழுத்தமாக அடித்தால் ரேடியேட்டர் தகடுகள் மடங்கிவிடும். செயினைக் கழுவி எண்ணெய் போடுங்கள், ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள், ஒவ்வொரு போல்ட்டையும் கையால் தொட்டு இறுக்குங்கள். எங்கள் ஐந்து பைக்கிலுமாகச் சேர்த்து ஒன்பது போல்ட்டுகள் தளர்ந்திருந்தன, இரண்டு காணாமலே போயிருந்தன.